வாழைச்சருகுக்கு முன்னால் விட்டுப்போன சொல்

தம்பி,

நீ அனுப்பிய கட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. கூரியர்க்காரர் அதை மேஜைமேல் தொப்பென்று போட்டுவிட்டு, "என்னக்கா, உங்க மவன் செங்கல்லா அனுப்பியிருக்கான்?" என்று கேட்டார். அகராதி, நம்ம பெரம்பலூர் அரியலூர்ப் பக்கம் சனங்க பேசற பேச்சையெல்லாம் சேர்த்து எழுதியிருக்கிறான், அச்சுக்குப் போவதற்கு முன்னால் அம்மா ஒருதடவை பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறான் என்று நானும் பெருமையாகச் சொன்னேன். "நம்ம பேசறதா? அத எதுக்குக்கா காசு குடுத்து வாங்கணும்?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். உங்கள் புத்தகத்துக்கு முதல் விமர்சனம் வந்துவிட்டது, குறித்து வைத்துக்கொள்.

புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று நாளாக இதே வேலைதான். ரீசார்ஜ் செய்ய வந்தவர்கள், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் காத்துக் கிடந்தார்கள். நான் முதலில் தேடியது எதை என்று உனக்கே தெரியும். அகராதியைக் கையில் எடுக்கிற யாராக இருந்தாலும் முதலில் கெட்ட வார்த்தையைத்தான் தேடுவார்கள், நானும் மனுஷிதானே. கூமுட்டை இருக்கிறது, எடுபட்டபய இருக்கிறது, வெளங்காதவன் இருக்கிறது, நாதாரி இருக்கிறது, கழிசடை இருக்கிறது. உன் மாமா தினம் காலையில் மாட்டைப் பார்த்துச் சொல்கிற வார்த்தைகூட இருக்கிறது, அதற்கு நீ எழுதியிருக்கிற விளக்கத்தை மாடு படித்தால் வெட்கப்படும். தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னாயே, உங்கள் ஆபீசில் பெரியவர், "இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புரட்டுகிற புத்தகம், வசவையும் பட்டப்பெயரையும் எடுத்துவிடுங்கள்" என்று சொன்னதாகவும், நீ ஒற்றை ஆளாக நின்று சண்டை போட்டு எல்லாவற்றையும் காப்பாற்றியதாகவும். மக்கள் பேசுவதை எழுதுவதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறோம், பிடித்ததை மட்டும் எழுதுவதற்கு இல்லையே என்று நீ கேட்டதாகச் சொன்னாய். முன்னுரையிலும் எழுதியிருக்கிறாய், கேட்ட சொல் எதையும் மறைக்கவில்லை என்று. படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் வகர வரிசைக்கு வந்தேன். வாழைச்சருகு இருக்கிறது. வாளி இருக்கிறது. வாழைச்சருகுக்கு முன்னால் ஒரு சொல் இருக்க வேண்டும், இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன், இல்லை. அச்சுக் கோத்தவர் விட்டிருப்பாரோ என்று நினைத்து மற்ற பக்கங்களைத் தேடினேன். மலடி இருக்கிறது. ஓடுகாலி இருக்கிறது. அறுதலி, முண்டச்சி எல்லாம் ஒழுங்காக, எந்த ஊரில் கேட்டது, யார் யாரைச் சொல்வது என்று விவரத்தோடு இருக்கின்றன. ஊரில் உள்ள பொம்பளைகளை எப்படியெல்லாம் ஏசுவார்களோ அத்தனையும் இருக்கிறது, உன் அம்மாவை ஏசிய ஒன்றைத் தவிர. உடனே உனக்கு போன் போட்டேன்.

"வாழாவெட்டி எங்கடா?" என்று நான் கேட்ட கேள்வியில் ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். "இடம் பத்தலம்மா" என்றாய். "வாளிக்கு எடம் பத்துது. தகர வாளி, பிளாஸ்டிக் வாளின்னு அரைப் பக்கம் எழுதியிருக்க" என்றேன். அப்புறம் மெதுவாக, "நீ படிப்பேல்லம்மா, அதான். அன்னைக்கு நீ அச்சக பாய் மேல பேப்பரத் தூக்கி வீசினத நான் பாத்தேன்ல" என்றாய். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாய். அடுத்த வாரம் புத்தகம் அச்சுக்குப் போகிறது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறாய். அதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்றுதான் கடையைப் பாதி மூடி வைத்துவிட்டு எழுதுகிறேன். அந்தச் சொல் உன் புத்தகத்தில் வந்தாக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. அன்றைக்கு நீ பார்த்தது பாதிதான்.

தொண்ணூற்றைந்தில் வாலிகண்டபுரம் பஸ் ஸ்டாப்பில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்தது உனக்கு நினைவிருக்கும். ஊருக்குள் நாலைந்து வீட்டில்தான் போன் இருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க நம் நம்பரைத்தான் பிறத்தியாருக்குக் கொடுத்து வைத்திருந்தார்கள். சவுதியிலிருந்து, மலேசியாவிலிருந்து, திருப்பூரிலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிட்டு, "அம்மா, செல்வராசுவக் கூட்டிட்டு வாங்க, பத்து நிமிசத்துல மறுபடி போடறேன்" என்பார்கள். எந்தச் செல்வராசு என்று கேட்டால் அங்கே முழிப்பார்கள். இனிஷியல் யாருக்குத் தெரியும்? ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு செல்வராசு. கடைசியில் வெளிநாட்டு போன் காசு ஓடுகிற பயத்தில் வாய் திறப்பார்கள்: நொண்டி செல்வராசும்மா, முட்டக்கண்ணு செல்வராசும்மா, வெங்காய மூட்ட செல்வராசும்மா. அதற்கப்புறம் குழப்பமே இல்லை. ரோட்டில் போகிற யாரிடமாவது சொல்லிவிட்டால் ஆள் வந்துவிடும். இப்படி இரண்டு மூன்று வருஷத்தில் சுற்றுப்பட்டு ஊர்களில் யாருக்கு என்ன பட்டப்பெயர் என்று எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. ஒரு வீட்டில் தாத்தாவுக்கு வைத்த பெயர் பேரன் வரைக்கும் வரும். மருமகள் வந்தாலும் அந்தப் பெயருக்குள்தான் குடிவருவாள். தாலி கட்டின அன்றைக்கே அவள் 'வெங்காயமூட்ட வூட்டுப் பொண்ணு' ஆகிவிடுவாள்.

நம் அச்சக பாய் அப்போதுதான் வந்து சேர்ந்தார். லப்பைக்குடிகாட்டுக்காரர், துபாயில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிவந்து பெரம்பலூரில் அச்சகம் போட்டவர். நம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு டெலிபோன் புத்தகம் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. "தங்கச்சி, நான் துபாய்ல இருக்கும்போது வூட்டுக்குப் போன் போட்டா, பக்கத்து வூட்டுக்காரவுக எந்த அப்துல் காதர்னு கேட்டுக் கேட்டே என் சம்பளம் பூரா போச்சு. தேடறவனுக்கு ஆளு கெடைக்கணும். அதுக்குத்தான புஸ்தகம்?" என்பார். கவர்மெண்டு புத்தகத்தில் இனிஷியலோடு பெயர் வரிசையாக இருக்கும், ஊர்க்காரனுக்கு அது உதவாது. பாய் புத்தகத்தில் பெயருக்குப் பக்கத்தில் ஊர் கூப்பிடுகிற பெயரும் இருக்க வேண்டும். அதை யாரிடம் கேட்பது? என்னிடம்தான். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் வந்து ஸ்டூலில் உட்காருவார். நான் சொல்லச் சொல்ல எழுதுவார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். அந்த நாளில் நான் அவ்வளவு சிரித்தது வேறு எதற்கும் இல்லை, தம்பி.

ஆனால் நான் ஒரு நிபந்தனை போட்டேன். உடையவர் சம்மதம் இல்லாமல் ஒரு பெயரும் அச்சில் வரக்கூடாது, வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்றேன். பாவம், மொபெட்டை எடுத்துக்கொண்டு பாய் ஊர் ஊராக அலைந்தார். திரும்பிவந்து சொல்வதைக் கேட்பதே எனக்குத் திருவிழாதான். சைக்கிள் கடை செல்வராசுவிடம் நொண்டி என்று போடலாமா என்று கேட்க பாய்க்கு நாக்கு எழவில்லையாம். இழுத்து இழுத்துக் கேட்டதற்கு அவர், "அதப் போடாம வேற எதப் போடுவீங்க? போடலைன்னா எனக்கு வர்ற வேலையெல்லாம் ரெண்டு காலும் நல்லா இருக்கற செல்வராசுக்குப் போயிரும். பெருசாப் போடுங்க பாய்" என்றாராம். அதே சமயம், பெரிய வீட்டுக்காரர் ஒருவர், யாரிடம் பேசினாலும் பேச்சோடு பேச்சாக அவர்கள் பீடிக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொள்கிறவர், ஊரே ஓசிபீடி என்றுதான் சொல்லும். அவரிடம் கேட்டதும் குதித்துவிட்டார். "எனக்குப் பட்டப்பேரா? எவன் சொன்னான்? எம் முன்னாடி வந்து சொல்லச் சொல்லு" என்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டாராம். சரி, வேண்டாம் என்று பாய் அடித்துவிட்டார். மறுநாள் நம்பர் சரிதானா என்று பார்க்க நம் பூத்திலிருந்து அந்த வீட்டுக்குப் போட்டார். எடுத்தது அந்த வீட்டம்மா. "இது யாரு வூடுங்கம்மா?" என்று பாய் கேட்கவும், அந்த அம்மா சலிப்போடு, "ஓசிபீடி வூடுதான், சொல்லுங்க" என்றது. பாய் போனை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் ரொம்ப நேரம் தலையைத் தூக்கவே இல்லை.

எல்லாமே சிரிப்பு என்று நினைக்காதே. காலனியில் மாரிமுத்து வீட்டில் அப்போதுதான் போன் வந்திருந்தது. மற்ற தெருக்காரர்கள் அவர் வீட்டுக்குச் சொல்கிற பெயர் வெறும் சாதி வசவு. வேறு ஒன்றும் கிடையாது. அதை நான் பாயிடம் சொல்லவே இல்லை. பாய் வேறு யாரிடமோ கேட்டு எழுதிக்கொண்டு அங்கேயும் போய் நின்றிருக்கிறார். மாரிமுத்து உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, "பாய், ஃபோன்காரங்க ஆபீசுல எம்பேர மாரிமுத்துன்னுதான் எழுதியிருக்காங்க. நீங்களும் அதையே எழுதுங்க. என்னைத் தேடறவன் அந்தப் பேரச் சொல்லித் தேடட்டும்" என்றாராம். பாய் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. அந்தச் சொல்லையும் நீ உன் அகராதியில் சேர்த்திருக்கிறாய். பக்கத்திலேயே, இது இழிவு செய்யும் சொல், சொல்வது குற்றம் என்று எழுதியிருக்கிறாய். அது சரி. அதை மறுபடியும் பின்னால் பேசுகிறேன்.

இப்போது நீ பார்த்த அந்த நாளுக்கு வருகிறேன். நீ பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாய். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து நேராக பூத்துக்குத்தான் வருவாய். பாய் அன்றைக்கு அச்சுக்குப் போகிற தாள்களை எடுத்துவந்து, தப்பிருந்தால் பாருங்கள் தங்கச்சி என்று என் கையில் கொடுத்தார். நானும் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாலிகண்டபுரம் வந்தது. என் பெயர் இருந்தது. பக்கத்தில் 'வாழாவெட்டி பூத், பஸ் ஸ்டாப்' என்று இருந்தது. தம்பி, அந்தச் சொல்லை என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு, அது எனக்குப் புதிதில்லை. ஆனால் என் கடைக்கே அதுதான் பெயர் என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. ஊர்ப் பெயர் அத்தனையும் தெரிந்துவைத்திருந்த எனக்கு என் பெயர் மட்டும் தெரியவில்லை. யார் என் முகத்துக்கு நேராக வந்து சொல்வார்கள்? எல்லாரையும் வீடு வீடாகப் போய்க் கேட்ட பாய், எதிரிலேயே உட்கார்ந்திருந்த என்னை மட்டும் கேட்கவில்லை. தாளை அவர்மேல் வீசினேன். "எந்திரிச்சுப் போங்க" என்றேன். நீ வாசலில் பையோடு நின்றாய். தாள்களைப் பொறுக்கி அடுக்கி அவரிடம் கொடுத்தாய். நீ அவ்வளவுதான் பார்த்தாய். வீசியதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை, அது வேறு விஷயம்.

மறுநாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு பாய் வந்தார், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மாவே முதலில் ஆரம்பித்தது: "ஊரெல்லாம் கேட்டீகளே, இவுகளக் கேட்டீகளா? கேக்காம எழுதலாமா?" பாய் தலை குனிந்து, "நீங்களும் என்கூடச் சிரிச்சிக்கிட்டே இருந்தீங்களா தங்கச்சி, உங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் பெருசில்லன்னு நெனச்சிட்டேன். எடுத்துட்டேன்மா" என்றார். நான் ஒன்றுதான் கேட்டேன், அந்தப் பெயரை உங்களுக்குச் சொன்னது யார் என்று. அவர் சொல்ல மாட்டேன் என்றார். விடவில்லை. கடைசியில், "உங்க அண்ணன்தான் தங்கச்சி" என்றார். உன் மாமா வீட்டுக்கு நம்பர் வாங்கப் போனபோது, "எனக்குக் கெடைக்கலன்னா வாழாவெட்டி பூத்துக்குப் போடச் சொல்லுங்க, வந்து சொல்லிருவாங்க" என்றாராம். கூடப் பிறந்தவர். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பாய் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் நேராக உன் மாமா வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்கவில்லை. களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. "என் கடைக்கு என்னண்ணே பேரு?" என்று கேட்டேன். அவர் கடலையைக் கிளறிக்கொண்டே, "வாழாவெட்டி பூத்துதான், ஏன், பேர மாத்தப் போறியா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் குத்தல் இல்லை, கேலி இல்லை, ஒன்றுமே இல்லை. பஸ் ஸ்டாப் பூத் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். "அது என்னைய ஏசறது இல்லயா?" என்று கேட்டேன். கடலையைக் கிளறுகிற கட்டை நின்றது. "ஏசறதா? எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்றேன். இதுல என்ன ஏச்சு?" என்றார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஊர் சொல்லிச் சொல்லி அது அவருக்கு வெறும் சத்தமாகிவிட்டது. என்னைத் தன் வீட்டுத் திண்டாட்டத்திலும் வைத்துச் சோறு போட்டவர் அவர். எனக்காக அரியலூரில் உன் அப்பா வீட்டுக்குப் போய் நின்று பேசிவிட்டு வந்தவர் அவர். அவரே அந்தச் சொல்லைச் சொல்கிறார், அது ஏச்சு என்று அவருக்குத் தெரியவில்லை. நான் கிளம்பும்போது ஒரு மூட்டை கடலையைத் தூக்கிக்கொண்டு பூத் வரைக்கும் கூடவே வந்தார். வழியில் ஒரே ஒரு தடவை, "நெசமா எனக்குத் தோணலம்மா" என்றார். அதற்கப்புறம் அவர் வாயில் நான் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

டெலிபோன் புத்தகம் வெளிவந்தது. நம் நம்பருக்குப் பக்கத்தில் என் பெயர் மட்டும், எஸ்.டி.டி. பூத் என்று. ஒரு வாரம் வேடிக்கைதான் போ. "வாலிகண்டபுரத்துல புதுசா ஒரு அம்மா பூத் வச்சிருக்காமே" என்று என்னிடமே வந்து கேட்டார்கள். நான்தான் அது என்றால், "ஓ, இதுதான் உங்க பேரா" என்று வாயைப் பிளந்தார்கள். அரியலூர் லோடு ஓட்டுகிற லாரி டிரைவர்கள் முதல்முதலாகப் பெயர் சொல்லி, பின்னால் அக்கா போட்டுக் கூப்பிட்டார்கள். நொண்டி செல்வராசு கடையில் புத்தகத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தன் பெயர் இருக்கிற பக்கத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். ஓசிபீடி வீட்டுக்கு யாரும் சரியாகப் போன் போட முடியாமல், அவரே வந்து பாயிடம் அடுத்த பதிப்பில் ஏதாவது அடையாளம் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன அடையாளம் என்று பாய் கேட்கவில்லை.

அந்தப் பாதியை மட்டும் பார்த்துவிட்டு நீ என்ன முடிவுக்கு வந்திருக்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. அம்மா அன்றைக்கு அந்தச் சொல்லை அச்சிலிருந்து எடுக்கச் சொன்னாள், அதனால் இன்றைக்கும் எடுப்பதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டாய். உன் பாசம் எனக்குத் தெரியாதா ராசா. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. டெலிபோன் புத்தகத்தில் அந்தச் சொல்லைப் போட்டால் அது என் வாசலில் எழுதி வைக்கிறது. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் என்னிடம் வருவான். அங்கே என்ன எழுதலாம் என்று சொல்ல வேண்டியவள் நான், மாரிமுத்து சொன்ன மாதிரி. அகராதி யார் வாசலும் இல்லை. அதில் அந்தச் சொல்லைப் போட்டால், இப்படி ஒரு சொல் இந்த ஊரில் இருந்தது, இன்னார் இன்னாரைச் சொன்னார்கள், அது வசவு என்று பதிவாகிறது, வெட்கம் சொன்னவர்கள் பக்கம் போய்ச் சேர்கிறது. உன் மாமாவுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அதுதான். சொல்கிறவனுக்கே தெரியாமல் போய்விட்ட ஏச்சை, இது ஏச்சுதானப்பா என்று எழுதி வைக்க ஒரு புத்தகம் வேண்டாமா? நீ எடுத்துவிட்டால் அந்தச் சொல் ஊரிலிருந்து போய்விடுமா? பஸ் ஸ்டாப்பில் அது பாட்டுக்கு இருக்கும், உன் புத்தகத்தில் மட்டும் இருக்காது.

இன்னொன்று, கோபப்படாதே. மலடி என்று சொல்லப்பட்ட ஒருத்திக்கும் வீட்டில் தம்பி தங்கை இருப்பார்கள். ஓடுகாலி என்று ஊர் சொன்னவளுக்கும் ஒரு மகன் இருப்பான், உன் வயசில், நாலெழுத்துப் படித்தவனாக. மாரிமுத்துவின் பெண் இப்போது நர்சு வேலைக்குப் படிக்கிறது, தெரியுமா? அவர்கள் யாருக்கும் உன் ஆபீசில் வேலை இல்லை. அவர்கள் வீட்டுச் சொல்லையெல்லாம் வைத்துவிட்டு உன் வீட்டுச் சொல்லை மட்டும் எடுப்பாயா? உன் பெரியவர் நாளைக்கு அதைக் கண்டுபிடித்து, ஏம்ப்பா, உன் அம்மாவுக்காக ஒன்றை எடுத்தாயே, மற்றவர்களுக்காக எல்லாவற்றையும் எடுத்தால் என்ன என்று கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறாய்? நீ போட்ட சண்டை அத்தனையும் அந்த ஒரு சொல்லில் தோற்றுப்போகும். முன்னுரையில் எதையும் மறைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதில் உன் கையெழுத்து இருக்கிறதே. என்னால் என் மகன் பொய்க் கையெழுத்துப் போட்டான் என்று இருக்கக்கூடாது. வாழாவெட்டி என்பதைத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க மாட்டேன்.

அதனால் சேர்த்துவிடு. ஆனால் பொருள் எழுதும்போது ஜாக்கிரதை. நேற்று லைப்ரரிக்குப் போய் அங்கிருக்கிற பழைய அகராதி ஒன்றைப் புரட்டினேன். கணவனால் கைவிடப்பட்டவள் என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து அப்படியே காப்பியடித்து வைக்காதே. என்னை யாரும் கைவிடவில்லை. உன் அப்பா என்னை அடித்தார், ஒருநாள் உன்மேலும் கை ஓங்கினார். அன்றைக்குக் காலையில் உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு, அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்து பெரம்பலூர் பஸ் ஏறினேன். நீ ஜன்னல் ஓரம் வேண்டும் என்று அடம்பிடித்தாய். வழியெல்லாம் மாடு எண்ணிக்கொண்டு வந்தாய், நானும் சேர்ந்து எண்ணினேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் வருத்தமாக இல்லை. கைவிட்டது நான். அதை எழுது: கணவனை விட்டு வந்த பெண்ணையும், கணவன் விட்டுவிட்ட பெண்ணையும் மற்றவர்கள் ஏசும் சொல். வசவு. பெண்கள் தங்களைத் தாங்களே இப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. இவ்வளவு போதும். நீட்டி முழக்காதே, வாளிக்கு எழுதின மாதிரி.

ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே மக்கள் பேசினது பேசினபடி ஒரு வாக்கியம் போட்டிருக்கிறாயே, இதற்கு எங்கே போய்த் தேடப் போகிறாய் என்று யோசித்தேன். தேட வேண்டாம். முந்தாநாள் நம் கடை வாசலில் இரண்டு பேர் பஸ்ஸுக்கு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு முதலில் காது சுட்டது, அப்புறம் சிரிப்பு வந்தது, அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைக் குறித்துக்கொண்டேன். ஒரு எழுத்து மாற்றாமல் எழுதி அனுப்புகிறேன், நீயும் மாற்றாதே:

"நம்ம வாழாவெட்டி மவன் இருக்கான்ல, அவன் மெட்ராஸ்ல பெரிய பொஸ்தகம் எழுதியிருக்கானாம்யா, நம்ம ஊரு பேச்சு பூரா அதுல இருக்காம்."

அம்மா